தில்லை மரமும் முறைத் தண்ணீரும்

சென்ற தை அமாவாசையன்று பூம்புகார் சங்கமத்தில் ஒரு முழுக்குப் போட்டே தீர வேண்டும் என்று எங்கள் அத்தை பிடிவாதமாகச் சொல்லிவிட்டாள். அத்தை சொன்னால் சொன்னதுதான். எழுபத்திரண்டு வயதாகிறது, சீர்காழிக்குப் பக்கத்தில் மூன்று வேலி நிலத்தைத் தனியாகக் கட்டி ஆண்டவள். அவளுடைய வாக்குக்கு எதிர்வாக்குச் சொல்லி ஜெயித்தவர்கள் எங்கள் குடும்பத்தில் இன்று வரையில் கிடையாது.

விடியற்காலையில் போய்ச் சேர்ந்தோம். கரையில் நல்ல கூட்டம். நீங்கள் பூம்புகார் போயிருக்கிறீர்களோ இல்லையோ, சோழர் துறைமுகமாக இருந்த பழைய காவிரிப்பூம்பட்டினத்தைப் பற்றிப் பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். யவனக் கப்பல்கள் வந்து நின்ற இடம், கண்ணகியும் கோவலனும் வாழ்ந்த ஊர், கடல் கொண்ட நகரம் என்றெல்லாம் மனத்தில் ஒரு சித்திரம் இருக்கும். அந்தச் சித்திரத்தோடு போகிறவர்கள் முதலில் திகைத்துப் போவார்கள். 1973-ல் திறந்த சிலப்பதிகாரக் கலைக்கூடம் ஏழு நிலையோடு நிமிர்ந்து நிற்கிறது. ஆனால் அந்த நகரத்துக்குப் பெயர் கொடுத்த காவிரி அப்படி நிமிர்ந்து நிற்கவில்லை. குடகு மலையிலிருந்து அத்தனை தூரம் நடந்து வந்தவள், கடைசியில் ஒரு வாய்க்கால் அளவுக்கு ஒடுங்கி, ஓசைப்படாமல் கடலில் கலக்கிறாள்.

"ஐயோ பாவம், காவேரி இப்படி இளைத்துப் போய்விட்டாளே!" என்றேன் நான்.

அத்தை தலையைத் துவட்டிக்கொண்டே, "இளைத்தால் என்னடா தம்பி? வயலுக்கெல்லாம் பாய்ந்துவிட்டு மிச்சம்தானே இங்கே வருகிறது? தண்ணீர் கடலில் போய் வீணாகாமல் இருந்தால் அதுதான் புண்ணியம்" என்றாள்.

மூன்று வேலி நிலத்துக்குச் சொந்தக்காரி சொல்கிற வார்த்தை. தஞ்சைச் சீமையில் பிறந்தவர்கள் யாரும் அப்படித்தான் சொல்வார்கள். நானும் ஆமென்றுதான் சொன்னேன். அந்த வார்த்தை மறுநாளே எங்களைத் திரும்பக் கேள்வி கேட்கப் போகிறது என்று அப்போது இருவருக்குமே தெரியாது.

மறுநாள் சிதம்பரம். தரிசனம் முடிந்து வெளியே வந்ததும் அத்தை ஒரு சந்தேகம் கேட்டாள். "தில்லை, தில்லை என்று பிறந்தது முதல் சொல்லிக்கொண்டிருக்கிறேன். தில்லை மரத்தை ஒரு நாளாவது கண்ணால் பார்த்ததில்லையே! அது எங்கே இருக்கிறது?"

நியாயமான கேள்விதான். சிதம்பரத்தின் ஸ்தல விருட்சம் தில்லை. ஊருக்கே தில்லை என்று பெயர் வந்தது அந்த மரங்கள் அடர்ந்த வனமாக ஒரு காலத்தில் இருந்ததால்தான். ஆனால் இன்று சிதம்பரத்து வீதிகளில் அதைத் தேடினால் காண்பது அரிது. தில்லை ஊரை விட்டுப் போய்விட்டது. எங்கே போயிற்று? கிழக்கே பதினைந்து கிலோமீட்டரில், கடலோரத்தில், பிச்சாவரத்தில் குடியிருக்கிறது. வண்டியைக் கிழக்கே திருப்பினோம்.

பிச்சாவரம் என்றதும் உங்களில் பலருக்குச் சினிமாதான் நினைவுக்கு வரும். 1975-ல் வந்த 'இதயக்கனி' படத்தை இங்கேதான் எடுத்தார்கள். படகுத்துறையில் இன்றும் அதைச் சொல்லுவார்கள். நல்லதுதான், ஆனால் சினிமாக்காரர்கள் வந்துபோன நாட்களை விட வெகு பெரிய கதை ஒன்று இந்தச் சேற்றுக்குள் இருக்கிறது. அதைத்தான் இந்த வாரம் உங்களுக்குச் சொல்லப் போகிறேன்.

வடக்கே வெள்ளாறு, தெற்கே கொள்ளிடம். இரண்டும் கடலில் விழும் முகத்துவாரங்களுக்கு நடுவே சுமார் 1100 ஹெக்டேர், அதாவது ஏறத்தாழ 2700 ஏக்கர் பரப்பில் தண்ணீரும் காடுமாகக் கிடக்கிறது பிச்சாவரம். சின்னச் சின்னத் தீவுகள். அவற்றுக்கு நடுவே வளைந்து வளைந்து போகும் ஓடைகள். துடுப்புப் படகில் ஏறி உள்ளே போனால் இரு பக்கத்துக் கிளைகளும் தலைக்கு மேல் கைகோத்துக்கொண்டு பந்தல் போடுகின்றன. தை மாதமாதலால் வெளிநாட்டிலிருந்து குளிருக்கு ஒதுங்கி வந்த பறவைகள் வேறு. அத்தை நாலு நிமிஷம் பேசவில்லை. அதுவே ஓர் அதிசயம்.

இங்குள்ள மரங்கள் உப்புத் தண்ணீரில் குடித்தனம் நடத்துகிறவை. எப்படி நடத்துகின்றன என்பதைக் கேட்டால் நீங்கள் ஆச்சரியப்படுவீர்கள். வெண்கண்டல் என்று ஒரு மரம். அது உப்பையும் சேர்த்துத்தான் உறிஞ்சுகிறது. பிறகு வேண்டாத உப்பை இலை வழியாக வெளியே தள்ளிவிடுகிறது. இலையை நாக்கில் வைத்துப் பார்த்தால் கரிக்கும். சேற்றுக்குள் காற்றுக் கிடையாது. ஆகவே வேர்கள் பூமிக்குள் போவதற்குப் பதிலாக ஆணி ஆணியாய் மேலே முளைத்து வந்து மூச்சு விடுகின்றன. சுரபுன்னை என்று இன்னொன்று. அது பந்தக்கால் நட்டதுபோல் நாலு புறமும் வேர்களை ஊன்றிக்கொண்டு நிற்கிறது. அதன் விதை மண்ணில் விழுந்து முளைப்பதில்லை. மரத்தில் தொங்கும்போதே முளைவிட்டு, முருங்கைக்காய் மாதிரி நீண்டு, ஓரளவு கெட்டிப்பட்ட பிறகுதான் தாயை விட்டுப் பிரிகிறது. உப்புச் சேற்றில் பச்சைக் குழந்தையை இறக்கிவிட்டால் பிழைக்காது என்று அந்த மரத்துக்குத் தெரிந்திருக்கிறது பாருங்கள்!

"அதோ, அதுதான் தில்லை" என்று படகுக்காரர் காட்டினார். சாதாரண மரம்தான். உதிரப் போகும் இலைகள் சிவந்திருந்தன. அத்தை பக்தியோடு கை நீட்டினாள்.

"ஒடிக்காதீங்கம்மா! பால் கண்ணிலே பட்டால் கண்ணு போயிடும்."

அத்தை கையைச் சட்டென்று இழுத்துக்கொண்டு, தூரத்திலிருந்தே ஒரு கும்பிடு போட்டாள். ஆடவல்லான் தனக்கென்று பிடித்துக்கொண்ட மரம் அப்படித்தானே இருக்கும்?

இனிதான் கதை ஆரம்பமாகிறது.

இருபதாம் நூற்றாண்டில் பல பத்தாண்டுகள் சர்க்காரே இந்தக் காட்டைப் பகுதி பகுதியாகப் பிரித்து, முறை வைத்து வெட்டி, மரத்தை விற்றுக்கொண்டிருந்தது. ஒரு பகுதியை அடியோடு வெட்டிவிட்டால் அது தானாகவே மறுபடி வளர்ந்துவிடும், அதற்குள் அடுத்த பகுதியை வெட்டலாம் என்று கணக்கு. மேட்டுக் காட்டில் அந்தக் கணக்குச் சரியாக வந்திருக்கலாம். சேற்றுக் காட்டில் வரவில்லை. வெட்டிய இடங்கள் மொட்டையாகவே நின்றன. 1970-களின் நடுவில் வெட்டுவதை நிறுத்திய பிறகும் அங்கே காடு திரும்பவில்லை.

காரணம் என்ன? வழக்கம்போல் ஏழைகள் மேல் பழி விழுந்தது. குப்பத்து ஜனங்கள் விறகு வெட்டுகிறார்கள், மாடு மேய்க்கிறார்கள், அதனால்தான் காடு அழிகிறது என்றார்கள். விறகு வெட்டியதும் உண்மை, மாடு மேய்ந்ததும் உண்மை. ஆனால் மூல வியாதி அதுவல்ல.

கும்பகோணத்தில் பிறந்த விஞ்ஞானி டாக்டர் எம். எஸ். சுவாமிநாதன் 1988-ல் சென்னையில் ஓர் ஆராய்ச்சி நிலையத்தை ஏற்படுத்தினார். அந்த நிலையத்தார் 1990-களில் பிச்சாவரத்துச் சேற்றில் இறங்கி ஆராய்ந்து பார்த்தார்கள். அவர்கள் கண்டது இதுதான். அடர்ந்த மரங்களின் நிழல் இருக்கும் வரையில் சேறு ஈரமாக, உப்பலாக இருக்கிறது. மரங்களை மொத்தமாக வெட்டியதும் வெயில் நேரே விழுகிறது. ஈரம் வற்றிச் சேறு அமுங்கி, நடுவில் தட்டுப் போல் பள்ளமாகிறது. பௌர்ணமி, அமாவாசை போன்ற பெரிய ஓதங்களில் உள்ளே ஏறிய கடல் தண்ணீர் திரும்பிப் போக வழியில்லாமல் அங்கேயே தங்குகிறது. தங்கிய தண்ணீர் வெயிலில் காய, உப்பு மட்டும் மிஞ்சி மிஞ்சி ஏறுகிறது. அந்த உப்பில் உப்பு மரம்கூடப் பிழைக்க முடியாது!

நான் இதைப் படகில் உட்கார்ந்து மெள்ள விளக்கிக்கொண்டிருந்தேன். அத்தை பாதியிலேயே மடக்கினாள்.

"இதற்கு ஆராய்ச்சி வேறு வேண்டுமாடா? வாய்க்கால் இருக்கிறது, வடிகால் இல்லை. வடிகால் இல்லாத வயல் உவர் பூத்துப் போகும் என்று எங்கள் வீட்டுப் பண்ணையாள் சொல்லுவானே!"

அச்சாக அதேதான், வாசகர்களே! ஆராய்ச்சியாளர்கள் கண்டுபிடித்த மருந்தும் வடிகால்தான். மீன் முள்ளைப் பார்த்திருப்பீர்கள். நடுவே ஒரு முதுகெலும்பு, இரு புறமும் சாய்வாகப் பிரியும் முட்கள். அதே மாதிரி நடுவே ஒரு பெரிய வாய்க்காலும் இரு புறமும் கிளை வாய்க்கால்களுமாக வெட்டி, அதை இயற்கையான ஓடையோடு இணைத்துவிட்டார்கள். ஓதம் ஏறும்போது தண்ணீர் உள்ளே வந்தது; இறங்கும்போது உப்பையும் அள்ளிக்கொண்டு வெளியே போயிற்று. வாய்க்கால் ஓரங்களில் கன்றுகளை நட்டார்கள். பிடித்துக்கொண்டன. 2002 வரையிலான பதினைந்து வருஷங்களில் இங்கே காட்டின் பரப்புச் சுமார் 90 சதவிகிதம் அதிகமாகியிருக்கிறது என்று செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு கணக்குப் பார்த்து எழுதினார்கள்.

வாய்க்கால் வெட்டியது யார்? பழி சுமந்த அதே குப்பத்து ஜனங்கள்தான். காத்தவர்களும் அவர்களேதான். இதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. வனத்துறை, ஆராய்ச்சி நிலையம், கிராமம் மூன்றும் சேர்ந்து ஊருக்கு ஒரு சங்கம் ஏற்படுத்தின. எந்தப் பகுதியில் மரம் நடுவது, எங்கே மாடு விடக்கூடாது, வாய்க்காலில் சேறு அடைத்தால் எப்போது எடுப்பது எல்லாம் சங்கத்தில் பேசி முடிவாயிற்று. அந்தச் சங்கத்தில் சேருவதற்கு ஒரு விதி வைத்தார்கள்: வீட்டுக்கு ஓர் ஆண், ஒரு பெண். குடும்பத் தலைவர் ஒருவரே போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்து வீட்டில் உத்தரவு போடுகிற வழக்கம் அங்கே செல்லவில்லை.

"நல்ல விதி. விறகு பொறுக்குகிறவள் அவள். அவளைக் கேட்காமல் விறகுக்குத் தடை போட்டால் எந்தத் தடை நிற்கும்?" என்றாள் அத்தை. எத்தனையோ நாள் பஞ்சாயத்துக் கூட்டங்களுக்குத் தன்னைக் கூப்பிடாமல் விட்ட ஆத்திரம் அந்தக் குரலில் இருந்ததை நான் கவனித்தேன்.

பிச்சாவரத்தை அடுத்து எம்.ஜி.ஆர். நகரில் இருளர்கள் வசிக்கிறார்கள். வலையும் படகும் இல்லாத காலத்தில் ஆண்களும் பெண்களும் இந்த ஓடைகளில் கழுத்தளவு தண்ணீரில் இறங்கி, சேற்றைக் கையால் துழாவி இறால் பிடிப்பார்கள். பிடித்ததைப் போட்டு வைக்க ஓலைப் பறி ஒன்று. இரண்டு கையும் வேலையாயிருப்பதால் அதைப் பல்லால் கடித்துக்கொள்வார்கள். நாம் கடையில் விலை பேசி வாங்கும் இறாலுக்கு அப்படியும் ஒரு விலை உண்டு என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும். பழங்குடியினர் என்ற சான்றிதழ்கூட இல்லாமல், அதனால் எந்தச் சலுகையும் கிட்டாமல் வெகு காலம் இருந்தார்கள். காட்டு வேலையோடு சேர்த்துச் சான்றிதழுக்கும், படகு வலைக்கும், பிள்ளைகள் படிப்புக்கும் வழி செய்யப்பட்டது. வயிற்றுக்கு வழி சொல்லாமல் "காட்டைக் காப்பாற்று" என்றால் யார் கேட்பார்கள்? இந்தக் காடு அவர்களுக்குச் சோறும் போடுகிறது. இறால் குஞ்சுகள் கடலிலிருந்து உள்ளே வந்து, இந்த வேர்களுக்கு நடுவே ஒளிந்து வளர்ந்து, பெரிதானதும் கடலுக்குத் திரும்புகின்றன. காடு போனால் இறாலும் போகும்.

ஊர் ஜனங்கள் காட்டையும் பறவையையும் காப்பது நமக்கொன்றும் புதிதல்ல. செங்கற்பட்டுப் பக்கத்து வேடந்தாங்கல் ஏரியில் பறவைகளை யாரும் சுடக்கூடாது என்று கிராமத்தார் 1798-ல் கலெக்டரிடமே எழுதி வாங்கி வைத்துக்கொண்டார்கள். பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் பயிருக்கு நல்ல உரம் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. புண்ணியமும் லாபமும் ஒரே பாத்திரத்தில் இருந்தால் அந்தப் பாத்திரத்தை ஊரே பத்திரமாகப் பார்த்துக்கொள்ளும்.

பிச்சாவரத்தின் பாத்திரத்துக்கும் ஒரு சோதனை வந்தது. 2004, டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. சுனாமியைப் பற்றி நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பூம்புகாரை உள்ளடக்கிய அன்றைய நாகை மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கு மேற்பட்டவர்கள் மாண்டார்கள். பிச்சாவரத்தில் காட்டுக்கு முன்னால், கடலைப் பார்த்திருந்த மணல் திட்டுகளில், எம்.ஜி.ஆர். திட்டு போன்ற குப்பங்களில், பல குடும்பங்கள் அழிந்தன. காட்டுக்குப் பின்னால் இருந்த வடக்குப் பிச்சாவரம், டி.எஸ். பேட்டை போன்ற ஊர்களில் சேதம் மிகக் குறைவு. கடலூர்க் கரையில் மரம் இருந்த இடங்களில் சேதம் குறைந்திருந்தது என்று 2005-ல் விஞ்ஞானிகள் எழுதினார்கள். அந்த ஊர்கள் கடலிலிருந்து தள்ளி, சற்று மேட்டில் இருந்ததும் காரணம்தான் என்று வேறு சிலர் மறுத்து எழுதினார்கள். இரண்டையும் சொல்லிவிடுவதே நேர்மை. ஆனால் அன்று காட்டுக்குப் பின்னால் உயிர் பிழைத்த ஒரு தாயிடம் போய் இந்த விவாதத்தைச் சொல்லிப் பாருங்கள். மரங்களைக் காட்டிக் கும்பிடத்தான் செய்வாள். அலையாத்தி என்று பெயர் வைத்த நம் பெரியவர்கள் விவரம் தெரியாமலா வைத்தார்கள்?

இன்று பிச்சாவரத்துக்குப் பெருமை கூடியிருக்கிறது. 2022-ல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈர நிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் அதன் பெயர் ஏறியது. விடுமுறை நாட்களில் குடும்பம் குடும்பமாய் ஜனங்கள் வருகிறார்கள். வரட்டும், படகு வலிக்கிற உள்ளூர்க்காரர்களுக்குப் பிழைப்பு. நீங்களும் போய் வாருங்கள். ஆனால் உங்களிடம் இரண்டு விண்ணப்பங்கள். மோட்டார்ப் படகு வேண்டாம். துடுப்புப் படகிலேயே ஏறுங்கள். குறுகிய ஓடைகளுக்குள் அதுதான் போகும், பறவையும் பயப்படாது. புளிசாதமும் தயிர்சாதமும் கட்டிக்கொண்டு போகும் பிளாஸ்டிக் பைகளைத் திரும்ப வீட்டுக்கே எடுத்து வந்துவிடுங்கள். மூச்சு விடுவதற்காக மேலே வந்த வேரின் மேல் போய்ப் பையைப் போர்த்துவது நியாயமா, சொல்லுங்கள்!

கரையேறிய பிறகு அத்தை ஒரு கேள்வி கேட்டாள். அதற்காகத்தான் இத்தனையும் எழுதினேன்.

"இந்த மரங்கள் முழுக்க உப்புத் தண்ணீரிலேயே இருக்குமா, நல்ல தண்ணீரும் வேணுமா?"

"நல்ல தண்ணீரும் வேண்டும், அத்தை. இரண்டும் கலந்தால்தான் செழிக்கும். கொள்ளிடத்திலிருந்தும் வெள்ளாற்றிலிருந்தும் வயல் வடிகால்களிலிருந்தும் வர வேண்டும். மழைக்காலத்தில் வருகிறது. முன்னைப் போல் வருவதில்லை. நல்ல தண்ணீரை விரும்புகிற சில மர வகைகள் இங்கிருந்து மறைந்தே போய்விட்டன."

அத்தை ஒன்றும் சொல்லவில்லை. வண்டி சிதம்பரத்தைத் தாண்டி, கொள்ளிடம் பாலத்தில் ஏறியது. கீழே ஒரே மணல். எங்கோ ஒரு மூலையில் ஒரு கோடு தண்ணீர். அதைப் பார்த்துக்கொண்டே வந்தவள் மெதுவாகச் சொன்னாள்:

"நேற்று சங்கமத்தில் ஒன்று சொன்னேனே, கடலுக்குப் போகிற தண்ணீர் வீண் என்று. அது சரியில்லை போலிருக்கிறது."

"ஏன் அத்தை?"

"எங்கள் ஊரில் முறைத் தண்ணீர் விடும்போது கடைமடைக்காரன் வந்து சண்டை போடுவான். மேலே இருக்கிறவன் மடையை அடைத்துக்கொண்டால் மண்வெட்டியோடு ராத்திரியில் வந்து நிற்பான். அவனுக்கு வாய் இருக்கிறது, கேட்கிறான். இந்தக் காடு எல்லாருக்கும் கீழே, கடைமடைக்கும் கடைமடையாக இருக்கிறது. அதற்கு முறை கேட்டு வர ஆள் யார் இருக்கிறார்கள்?"

நான் பதில் சொல்லவில்லை. எனக்குத் தெரிந்த பதில் இல்லை. மேட்டூரிலும் கல்லணையிலும் கீழணையிலும் தண்ணீர்க் கணக்கு எழுதுகிறார்கள். குறுவைக்கு இவ்வளவு, சம்பாவுக்கு இவ்வளவு, குடிநீருக்கு இவ்வளவு என்று பங்கு பிரிக்கிறார்கள். வயிற்றுக்குச் சோறு போடும் வயலுக்குத் தண்ணீர் வேண்டாமென்று யாரும் சொல்ல முடியாது; மூன்று வேலிக்காரியின் மருமகன் நான் சொல்லவே மாட்டேன். ஆனால் அந்தக் கணக்கில் தில்லை மரத்துக்கும் ஒரு வரி இருக்க வேண்டாமா? உள்ளூர் ஜனங்கள் வடிகால் வெட்டித் தந்துவிட்டார்கள். வாய்க்காலில் தண்ணீர் விடுவது அவர்கள் கையில் இல்லை. அது மேலே இருக்கிற நம் எல்லார் கையிலும் இருக்கிறது.

வீட்டுக்கு வந்ததும் அத்தை பூம்புகாரிலிருந்து செம்பில் கொண்டுவந்த சங்கமத் தீர்த்தத்தைப் பூஜை அறையில் வைத்தாள். பிறகு என்ன நினைத்தாளோ, ஒரு விரலை நனைத்து நாக்கில் வைத்துப் பார்த்தாள்.

"பாதி உப்பு, பாதி நல்ல தண்ணீர்" என்றாள்.